ஒரு ஆளுக்கு ஒரு பாட்டு

பத்மாசனிக்கு இரணைமடு வாய்க்காலின் இக்கரையில் மூன்று ஏக்கர் வயலும், அக்கரை வரை கேட்கும் ஒரு குரலும் இருந்தன. வயல், யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற வந்தபோது அரசாங்கம் அவள் கணவர் இளையதம்பியின் பெயரில் கொடுத்தது. குரல் அவளுடைய சொந்தம். கதிர் முற்றும் காலத்தில் கிளி விரட்ட மற்றவர்கள் தகரம் தட்டுவார்கள். அவள் வரம்பில் நின்று ஒருமுறை கூப்பிட்டால் போதும்.

"மெல்லக் கதையுமப்பா" என்று இளையதம்பி பதினொரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

1961 வைகாசியில், அம்மன் கோயில் பொங்கலுக்குக் கிராமச் சங்கம் நான்கு கக்கூசுகள் கொண்டுவந்தது. பலகையால் அடித்த கூடுகள். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்து, வெட்டிய கிடங்குகளின்மேல் வைத்தார்கள். பொங்கல் முடிந்தால் அடுத்த கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். அதுவரை ஆண்கள் பற்றைகளை நம்பியிருந்தார்கள். பெண்கள் இருட்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கத் தலைவர் மயில்வாகனம் நாடா வெட்டி முக்கால் மணி நேரம் பேசினார். 'மலசலகூடப் பாவனையாளர் பிறர்நலம் பேணுதல் விரும்பத்தக்கது' என்று ஒரு பலகையும் நட்டார். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒரு பெட்டி சாம்பலும் ஒரு சிரட்டையும் வைத்திருந்தார்கள். அவை எதற்கென்று அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் சொல்லவில்லை.

மறுநாள் நண்பகலுக்குள் பிறர்நலம் நாறத் தொடங்கிவிட்டது. சாம்பல் அப்படியே கிடந்தது. தண்ணீர் வாளியை யாரோ மோர் கரைக்க எடுத்துப் போயிருந்தார்கள். மோர் குடித்தவர்கள் அதை அறியாமலிருப்பதே நல்லது. பெண்களுக்கென்று விட்ட இரண்டிலும் ஆண்கள் இருந்தார்கள். அவைதான் கிட்ட இருந்தனவாம். நான்காவது கூடு பூட்டிக் கிடந்தது; சாவி மயில்வாகனத்தின் மடியில் இருந்தது.

வெளியே பதினேழு பெண்கள் வரிசையில் நின்றார்கள். பத்மாசனிக்கு முன்னால் நின்றவள் அயல்வீட்டு விமலேஸ்வரி. எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. அவள் முகம் வெளிறி, கால் மாற்றி மாற்றி நிற்பதைக் கண்டதும் பத்மாசனி நேரே மயில்வாகனத்திடம் போனாள்.

"அந்தத் திறப்பை ஒருக்காத் தாங்கோ ஐயா."

"அது ஏலாது பிள்ளை. கொழும்பிலையிருந்து ஒரு பெரியவர் வாறார். அவருக்கெண்டு வைச்சிருக்கிறம்."

"அவர் எப்ப வாறார்?"

"பின்னேரம்."

"விமலேஸ்வரிக்கு இப்ப வருகுது ஐயா."

மயில்வாகனம் அர்ச்சனைத் தட்டைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். பத்மாசனிக்குக் கண் கலங்கியது. ஆனால் அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. ஒலிபெருக்கிக்காரர் ஜவாஹிர் இசைத்தட்டு மாற்றிக்கொண்டிருந்தார். "தம்பி, ஒரு அறிவித்தல்" என்று ஒலிவாங்கியை வாங்கினாள். அவளுக்கு அது தேவையே இல்லை என்று ஜவாஹிர் பின்னர் சொல்வார்.

"இரண்டாம் நம்பர் கக்கூசுக்குள்ளை பேப்பர் வாசிக்கிற யோகநாதன் வாத்தியார்! நீங்கள் போய் ஆறு பாட்டு முடிஞ்சுது. வெளியிலை பிள்ளைத்தாய்ச்சி நிக்கிறா. முடிஞ்சா ஒரு சிரட்டை சாம்பல் போட்டிட்டு வாங்கோ. முடியாட்டில் மிச்சத்தை வீட்டிலை வாசியுங்கோ!"

கதவு திறந்தது. வாத்தியார் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார். விமலேஸ்வரி உள்ளே போனாள்.

பத்மாசனி விடவில்லை. "இனி ஒரு ஆளுக்கு ஒரு பாட்டு. பொம்பிளையளின்ரைக்குள்ளை நிக்கிற ஆம்பிளையளின்ரை பேரும் எனக்குத் தெரியும். வாசிக்கட்டே?"

வாசிக்க வேண்டியிருக்கவில்லை. கடைசியாக, "நாலாம் நம்பர் திறப்பு சேர்மன் ஐயாவின்ரை மடியிலை இருக்குது" என்றாள். ஐந்நூறு கண்கள் அந்த மடியைப் பார்த்தன. திறப்பு வந்தது. திறந்தால், உள்ளே இரண்டு வாழைக்குலையும் ஒரு பெட்டி சோடாவும் இருந்தன, பெரியவருக்கென்று. கக்கூசுக்குள் இருந்ததை எடுக்க ஒருவரும் கை நீட்டவில்லை.

பின்னேரம் கொழும்புப் பெரியவர் வந்தார். பொங்கலும் மோரும் உண்டார். சற்று நேரத்தில் அவரும் வரிசையில் நின்றார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. மயில்வாகனம் முன்னால் போகச் சொல்லிக் கெஞ்சியபோது, "இல்லையில்லை, எனக்கு முன்னாலை மூண்டு பாட்டு இருக்கு" என்றார். புறப்படும்போது ஏற்பாடு திறமென்று பாராட்டினார். மயில்வாகனம் அந்தப் பாராட்டைத் தானே வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து ஊர் அவளைக் 'கக்கூசுப் பத்மாசனி' என்றது. முதல் வருடம் அவளுக்கு வலித்தது. சந்தைக்குப் போவதைக்கூடக் குறைத்தாள். ஆனால் மறுவருடப் பொங்கலுக்குப் பெண்களே வந்து, "நீ இல்லாட்டில் நாங்கள் வரமாட்டம்" என்றார்கள். போனாள். ஏழு பொங்கலுக்குப் போனாள். சாம்பல் தீர்ந்து போகும் அளவுக்கு ஊர் பழகியது.

1968இல் சங்கம் அவளுக்குச் சான்றிதழ் கொடுத்தது. 'ஒலிபெருக்கிக் கலைச் சேவை' என்று அதில் இருந்தது. கக்கூசு என்ற சொல்லை எழுதச் சங்கத்து எழுதுவினைஞருக்குக் கை கூசியதாம்.

"நான் பாட்டே படிச்சனான்? கக்கூசெண்டு எழுதித் தாங்கோ" என்று திருப்பிக் கொடுத்தாள். அடுத்த வாரம் 'பொதுநலச் சேவை' என்று வந்தது. அதையும் கொடுத்தாள். மூன்றாம் முறை சரியாக வந்தது. இளையதம்பி அதை அலுமாரிக்குள் வைப்போம் என்றார். அவள் கதிரையில் ஏறி, முன்சுவரில் தானே ஆணி அடித்தாள்.