இடுப்பில் இடித்த தாளம்

ஆலிஸ் ஷூ போட்டுக்கொண்டு டிரம் வாசித்ததை ராயபுரத்தில் யாரும் பார்த்ததில்லை. பேண்டு செட்டில் மற்றவர்கள் சீருடைக்கு ஏற்ற கறுப்பு ஷூவோடு நிற்பார்கள். இவள் மட்டும் வாசிக்கும் முன் கழற்றி ஓரமாக வைத்துவிடுவாள். மாதாவுக்கு ஏதோ நேர்ச்சை என்று தெருவே நினைத்துக்கொண்டது. பெரிய டிரம் அடிக்கும் பொன்னுரங்கம், "இன்னா ஆலிசு, கன்னியாஸ்திரி ஆவப் போறியா?" என்று சீண்டுவார். சிரித்து மழுப்பிவிடுவாள்.

காரணம் வேறு. எர்ணாவூரில் தகடு வெட்டும் பட்டறையில், பிரஸ் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றே அவள் வயது போனது. காதும் கூடவே போனது. பொன்னுரங்கத்தின் அடி காதுக்கு எட்டாமல் போனபோது, தரை வழியாகக் குதிகாலுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் தன் சின்ன சைடு டிரம்மை வாசித்தாள். செட்டை நடத்தும் அவள் அண்ணன் ஸ்டானிஸ்லாஸுக்குக்கூட இது தெரியாது.

போன வருடத் தேர் பவனியில் குட்டு உடைந்தது. துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் என்ஜினை அணைக்காமல் வரிசையாக நின்றன. சாலையே அதிர்ந்தது. ஆலிஸின் கால் லாரிகளின் அதிர்வைப் பிடித்துக்கொள்ள, கையும் அதன் பின்னாலேயே போய்விட்டது. மாதா பாட்டு ஒரு பக்கம், இவள் குச்சி ஒரு பக்கம்.

"காது கேக்கலன்னு ஏன் சொல்லல?" ஸ்டானிஸ்லாஸ் அவள் முகத்துக்கு நேராக வந்து கத்தினான்.

"சொன்னா வாசிக்க வுடுவியா?"

"வுடமாட்டேன். இனிமே சைடு டிரம்மு வில்சனுக்கு. நீ வூட்ல இரு."

பாவாடை சட்டை வயதில் தோளில் மாட்டிய டிரம். வீட்டில் உட்கார்ந்து அதைத் தூரத்திலிருந்து கேட்கக்கூட அவளால் முடியாது. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு காருக்கு ஸ்பீக்கர் மாட்டும் தப்ரேஸின் கடைக்குப் போனாள். அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் அவன் கடைச் சத்தம் அவள் வயிற்றில் இடித்திருக்கிறது.

"இத்த என் இடுப்புல கட்ட முடியுமா தம்பி?"

"ஸ்பீக்கரையா? நீ இன்னா ஆட்டோவாக்கா?"

விஷயத்தைச் சொன்னதும் தப்ரேஸ் சிரிப்பை நிறுத்தினான். முதலில் பழைய செல்போன்களில் இருந்த அதிர்வு மோட்டார்களை ஒரு பெல்ட்டில் தைத்தான். அவை சுழன்று வேகம் எடுப்பதற்குள் அடி முடிந்துவிட்டது. "கிச்சுகிச்சு மூட்டுது, அதுவும் லேட்டா" என்றாள் ஆலிஸ். அடுத்து ஒரு கார் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைக் கிழித்தெறிந்து, காந்தத்தையும் கம்பிச்சுருளையும் மட்டும் வைத்துக்கொண்டு, சுருளின் முனையில் ரப்பர் வில்லையை ஒட்டினான். மைக் வைத்துத் தட்டியதும் சுருள் முன்னால் பாய்ந்து இடுப்பில் இடித்தது. மெதுவாகத் தட்டினால் மெதுவாக, ஓங்கித் தட்டினால் ஓங்கி. ஆனால் தெருவில் போன பஸ்ஸும் சேர்ந்து இடித்தது.

"மைக்கே வேணாம். பொன்னுரங்கம் அண்ணன் டிரம்மு மட்டும்தான் என்னைத் தொடணும்" என்றாள்.

அதிர்வை மின்சாரமாக்கும் சின்னப் பித்தளை வில்லை ஒன்றை, பொன்னுரங்கம் கடைக்குக் கொண்டுவந்த பெரிய டிரம்மின் தோலிலேயே ஒட்டினான் தப்ரேஸ். அங்கிருந்து அடி வயரில்லாமல் அவள் பெல்ட்டுக்கு வந்தது. வேறு எதுவும் வரவில்லை. ஆலிஸ் கடை வாசலிலேயே அழுதுவிட்டாள்.

அவள் பெல்ட்டோடு மறுபடி வாசிக்க ஸ்டானிஸ்லாஸ் அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டான். "கடைசி வரிசைல நில்லு. நான் கைய தூக்குனா நிறுத்திடணும்."

இந்த வருடமும் அதே சாலை, அதே லாரிகள். தேர் பக்கத்தில் வந்ததும் டிரைவர்கள் மாதாவுக்கு மரியாதையாக ஏர்ஹாரனை அடிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் அடிக்க, வரிசை முழுக்கப் பிடித்துக்கொண்டது. தன் அடியே தனக்குக் கேட்காமல் வில்சன் குச்சியைத் தூக்கியபடி நின்றான். டிரம்பெட்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாட்டு அறுந்து தொங்கியது.

பொன்னுரங்கம் மட்டும் பழக்கத்தில் அடித்துக்கொண்டே நடந்தார். அந்த அடி ஒன்றுவிடாமல் ஆலிஸின் இடுப்பில் இடித்தது. ஹாரன்கள் அவளுக்கு இல்லவே இல்லை. கடைசி வரிசையில் அவள் குச்சி பிசகாமல் ஏறி இறங்கியது.

ஸ்டானிஸ்லாஸ் திரும்பிப் பார்த்தான். கையைத் தூக்கினான். ஆலிஸ் குச்சியை நிறுத்தினாள். அவன் இல்லை என்று வேகமாகத் தலையை ஆட்டி, அந்தக் கையாலேயே முன்னால் வா என்று அழைத்தான். வரிசை விலகி வழிவிட, அவள் நடுவில் நடந்து தேருக்கு முன்னால் போய் நின்று அடிக்கத் தொடங்கினாள். வில்சன் அவள் குச்சியைப் பார்த்து அடித்தான். டிரம்பெட்காரர்கள் வில்சனைப் பார்த்து ஊதினார்கள். ஹாரன் அடங்கியபோது மாதா பாட்டு சரணத்தின் நடுவில், சரியான இடத்தில் இருந்தது. சாலையோரம் நின்றவர்கள் விசிலடித்தார்கள்.

"சோக்கா வாசிச்சிட்டடி!" என்றார் பொன்னுரங்கம். உதட்டைப் பார்த்து அவள் புரிந்துகொண்டாள்.

இப்போது ஆலிஸின் வலது காது அடியோடு கேட்பதில்லை. இடதில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. எர்ணாவூர் வேலைக்குப் போய்வருகிறாள். பேண்டு செட்டில் முதல் சைடு டிரம் அவளுடையது.