காலி பண்ணுகிறவர்களுக்கு ஒரு டீ

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களில் பாதிப் பேர் இப்போது எங்கள் தெருவில் இல்லை. திருப்பூர், ஓசூர் என்று குடிபோய்விட்டார்கள். குழுவை விட்டு மட்டும் போகவில்லை. அதில்தான் செவ்வாய்க்கிழமை காலை, "இஸ்திரி அண்ணன் போயிட்டாரு" என்று வந்தது. மத்தியானத்துக்குள் அத்தனை பேரும் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறியிருந்தார்கள்.

சவரிமுத்து அண்ணன் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவர். நான் அவருடைய பரம ரசிகன். காரணம் இருக்கிறது.

எங்களுடையது வாடகை வீடுகளின் தெரு. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் குடிவந்த புதிதில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு எதிர்வீட்டு வாசலில் மினி லாரி நின்றது. "தம்பி, ஒரு கை பிடிங்க" என்றார்கள். காதில் ஹெட்போனோடு போய் ஃப்ரிட்ஜைத் தூக்கிவிட்டேன். டிவியை ஏற்றும்போது, "பாத்துண்ணே, கண்ணாடி" என்று அக்கறையாக வேறு சொன்னேன். நான் உதவியது திருடர்களுக்கு என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. சிசிடிவியில் அவர்கள் முகம் சரியாக விழவில்லை. என் முகம் பளிச்சென்று விழுந்திருந்தது.

போலீஸ் என்னை நம்பியது. வீட்டு ஓனர்கள் நம்பவில்லை. "வந்து போற ஆளுகளாலதான் இம்புட்டும்" என்றார் என் ஓனர் கருப்பையா. என்னை முதலில் காலி பண்ணச் சொல்வது என்று முடிவானது. இந்தப் பெயரோடு போனால் ஊரில் வேறு யார் எனக்கு வீடு கொடுப்பார்கள்? அப்போது இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அண்ணன் பேசினார்:

"இந்தத் தம்பியத் தொரத்துனா வேற தம்பி வருவான். அவனையும் நமக்குத் தெரியாதுல்ல? ஆளு மாறிக்கிட்டுத்தான் இருக்கும் அப்பு. நம்ம கண்ணு முன்னால மாறட்டும்."

புதிதாகப் பால் காய்ச்சுகிறவர்கள் நாலு வீட்டுக்கு டம்ளரில் கொடுக்க வேண்டும். காலி பண்ணுகிறவர்களுக்கு இஸ்திரி வண்டியில் ஒரு டீ, தெருவே வந்து வழியனுப்பும். இதுதான் அவர் செய்த ஏற்பாடு. கருப்பையாவுக்குச் சிரிப்பு. "பாடையில போறவனுக்கும் டீ உண்டா சவரி?"

"ஏன், அவனும் காலி பண்ணிட்டுத்தான போறான்?"

நான் தப்பித்தேன். அடுத்த வருஷம் மாலதி அக்கா வீட்டு வாசலில் ஒரு மினி லாரி. அண்ணன் டீத் தட்டோடு போய் நின்றார். "காலி பண்றீகளா? டீ குடிச்சிட்டுப் போங்க." நேரமில்லை என்றவர்கள் கையில் கிளாஸைத் திணித்தார். அதற்குள் ஒன்பது வீட்டு ஆட்கள் வழியனுப்ப வந்து லாரியைச் சுற்றி நின்றுவிட்டார்கள். எந்த ஊருக்கு என்று கேட்டதற்கு ஒருவன் மதுரை என்றான், மற்றவன் சேலம் என்றான். நான் மாலதி அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். பழநி அடிவாரத்தில் நின்றிருந்த அக்கா, "நா எங்கடா காலி பண்ணுனேன்?" என்றார்.

டீ ஆறுவதற்குள் போலீஸ் வந்தது. அன்றும் ஃப்ரிட்ஜைத் தூக்கினேன். இந்த முறை வீட்டுக்குள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்ணனின் உடலைத் தூக்குவதற்கு முன் கருப்பையா ஒரு டீயை வாங்கிவந்து இஸ்திரி வண்டிமேல் வைத்தார். போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து, தெரு கொள்ளாமல் நின்று வழியனுப்பினார்கள்.

அடுத்த மாதம் நான் சின்னாளப்பட்டிப் பக்கம் குடிபோகிறேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. பால் காய்ச்சியதும் நாலு டம்ளர் போகும். தெருவில் எந்த மினி லாரி நின்றாலும் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் போய் நிற்பேன்.

"காலி பண்றீகளா? டீ குடிச்சிட்டுப் போங்க."