பகடைப் பேய் படம் எடுத்த கதை

போன வாரம் என் மகள் மடிக்கணினியில் ஒரு இங்கிலீஷ் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் படம்தான். நாலைந்து பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுகிறார்கள். நான் மந்திரவாதி, நீ வீரன் என்று ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, வாயாலேயே கதையை வளர்த்துப் போகிறார்கள். அதைக் கேள்விப்பட்ட பக்திமான்கள் சாத்தான் வந்துவிட்டான் என்று தெருவில் ஓடுகிறார்கள். ஓடுகிறவர்களைக் கேலி செய்கிற படம். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். "உனக்குப் புரியாதும்மா, இது ஒரு மாதிரி கேம்" என்றாள். இருபத்தோரு வயதில் அதே ஆட்டத்தில் நான் திருடியாக இருந்தவள், கொண்டை ஊசியால் குகைப் பூட்டைத் திறந்தவள் என்று சொன்னேன். அவள் படத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

அவளிடம் முழுதாகச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான் சொல்லிக்கொடுக்கிறவள். பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ரிப்பன் மாற்றுவதும் மெஷினுக்கு எண்ணெய் விடுவதும் விசையைப் பார்த்துப் பார்த்து அடிக்கிறவர்களின் விரலில் ஸ்கேலால் தட்டுவதும்தான் வேலை. அந்த எண்ணெயும் ரிப்பன் மையும் கலந்த வாசனை என் புடவைகளில் கல்யாணம் வரைக்கும் இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டில் தையல் மெஷின் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம் அது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். சேலம் பக்கமும் பஸ் இல்லை, கடலூர்ப் பக்கமும் இல்லை. ஊரில் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. அதுவரை பெயரும் ஊரும் கேட்டவர்கள் இப்போது நேராக "நீ எந்த ஆளு" என்று சாதியைக் கேட்டார்கள். இன்ஸ்டிடியூட்டுக்கு வகுப்பு என்று யாரும் வரவில்லை. மூன்று பேர் மட்டும் மதியங்களில் வந்தார்கள்.

ஒருவன் ஜெயசீலன், வீடியோ ஸ்டுடியோவில் கல்யாணம் பிடிக்கிறவன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீடு. இரண்டாவது பாஸ்கர். எங்கள் தெருவில் பெரிய வீடு அவர்களுடையது, அப்பாவுக்கு நிறைய நிலம். பஜனை மடத்துக்கும் அவர்தான் தலைவர். ஊரே அவரைப் பெரியவர் என்றுதான் சொல்லும். மூன்றாவது குணசேகரன், நைனார்பாளையம் காலனி. அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். பேங்க் பரீட்சைக்காக விடுதியில் தங்கிப் படித்தான். பஸ் ஓடாததால் ஊருக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்டவன்.

ஆட்டத்தைக் கொண்டுவந்தவன் ஜெயசீலன். பெங்களூரில் இருந்த அவன் அத்தை மகன், அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தையும் பல முகம் கொண்ட சில பகடைகளையும் கொடுத்திருந்தான். புத்தகத்தில் பாதிப் பக்கங்கள் இல்லை. இருந்த பாதியும் எங்கள் இங்கிலீஷுக்கு எட்டவில்லை. ஆகவே நாங்களே இட்டுக்கட்டினோம். டிராகனை எடுத்துவிட்டு மலைப்பாம்பைப் போட்டோம். கோட்டையை எடுத்துவிட்டுக் கல்வராயன் மலையில் ஒரு குகையைத் தோண்டினோம். ஜெயசீலன் கதை சொல்வான், நாங்கள் மூவரும் அதற்குள் நடப்போம். பாம்பு விழுங்கியதா, தப்பினோமா என்பதைப் பகடை சொல்லும்.

யார் யாராகப் பிறப்பது என்பதையும் பகடைதான் சொன்னது. குணசேகரன் உருட்டினான், ராஜா. நான் உருட்டினேன், திருடி. பாஸ்கருக்கு ராஜாவின் மெய்க்காப்பாளன் விழுந்தது. ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் அவன் ராஜாவுக்கு முன் மண்டியிட்டு உத்தரவு கேட்க வேண்டும். முதல் நாள் கொஞ்சம் தயங்கினான். குணசேகரனுக்கும் கூச்சம், காலை மடக்கிப் பின்னால் இழுத்துக்கொண்டான். அடுத்த நாள் பாஸ்கர் கட்டை ஸ்கேலை வாள் மாதிரி இடுப்பில் செருகிக்கொண்டு வந்து மண்டியிட்டான். "உத்தரவு குடுங்க ராஜா" என்றான். குணசேகரனின் குரல் நல்ல கனமான குரல். அன்றைக்குத்தான் அது எனக்குத் தெரிந்தது. அதற்குமுன் அவன் என்னிடம் பேசியதெல்லாம் "ரிப்பன் போச்சுங்க மேடம்" மட்டும்தான்.

பேய் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இரண்டு வழியாக வந்தது. ஜெயசீலனின் சர்ச் போதகருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரம் வந்திருந்தது. பகடை உருட்டும் இந்த ஆட்டம் பிசாசைக் கூப்பிடும் சடங்கு என்று அதில் போட்டிருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை அவர் அதையே பிரசங்கம் செய்தார், ஜெயசீலனின் அம்மா அழுதார். இன்னொரு வழி என் வாய். ஆட்டத்தில் பாம்பு என்னை விழுங்கி எல்லோரும் பதறியபோது நான் உரக்க, "எனக்கு இன்னும் மூணு உயிரு பாக்கி கீது" என்று சொல்லியிருக்கிறேன். மாடிக்குக் கீழே டீக்கடை. சாயங்காலத்துக்குள் பெரியவர் காதுக்குப் போய்விட்டது.

பஜனை மடமும் சர்ச்சும் ஒலிபெருக்கி விஷயத்தில் வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாதவை. அவற்றுக்குள் ஒற்றுமையை நாங்கள்தான் கொண்டுவந்தோம். போதகர் ஜெப எண்ணெயோடும் பெரியவர் எலுமிச்சம்பழத்தோடும் ஒன்றாக மாடி ஏறி வந்தார்கள். ஒருவர் முடிக்கட்டும் என்று மற்றவர் மரியாதையாகக் காத்திருந்தார். பெரியவர் பழத்தை மெஷின் மேலேயே பிழிந்தார். வெகுநாள் வரைக்கும் அந்த மெஷினில் 'க' அடித்தால் மேலே போன எழுத்துக் கம்பி கீழே இறங்காது. பகடைகளைக் கற்பூரத்தில் போட்டு எரித்தார்கள். பிளாஸ்டிக் எரியுமா? உருகி நாறியது. அந்த நாற்றத்தைப் பேய் போகும் வாசனை என்று போதகர் சொல்ல, பெரியவர் தலையாட்டினார்.

ஜெயசீலன் அன்றைக்கே சொன்னான், இதை அப்படியே படமாக எடுத்து ஊர் சிரிக்கக் காட்டுவோம் என்று. மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஸ்டுடியோ கேமரா சும்மா இருந்தது. அதற்குள் பஸ்ஸும் ஓடத் தொடங்கியிருந்தது. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போனோம். அட்டையில் செய்த ஒரு பகடை தானாக உருண்டு வருகிறது, இரண்டு பக்திமான்கள் பயந்து மலை மலையாக ஓடுகிறார்கள், கடைசியில் ராஜா பாறைமேல் நின்று, "இது வெறும் விளையாட்டு, வூட்டுக்குப் போங்க" என்கிறார். இதுதான் கதை. குணசேகரன் என் பச்சைப் பட்டுப்புடவையைப் போர்த்திக்கொண்டு பாறைமேல் நின்றான். பாஸ்கர் அவன் முன் மண்டியிட்டான். அடிவாரத்தில் பேய்மலை, சூனியமலை என்று எங்களைப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். மேலே ஒரு மலைக்காரப் பெண் எங்களுக்குச் சாமைச் சோறு போட்டுவிட்டு, பேய்க்காக இவ்வளவு தூரமா வந்தீங்க, கீழேயே நிறைய இருக்குமே என்று கேட்டாள்.

பக்திமான்களாக நடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தபோது போதகரே ஸ்டுடியோவுக்கு வந்தார். பகடைப் பேயைப் பற்றி விழிப்புணர்வுப் படம் எடுக்கிறீர்களாமே, நான் பேசுகிறேன் என்றார். மறுநாள் பெரியவரும் வந்துவிட்டார், போதகருக்குக் கொடுத்த நேரம் தனக்கும் வேண்டும் என்று. நாங்கள் வசனம் எழுதவே இல்லை. அவர்களாகவே பேசினார்கள், ஓடச் சொன்ன இடத்தில் மூச்சிரைக்க ஓடினார்கள். கேமராவுக்குப் பின்னால் நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன்.

பொங்கல் கழிந்து மடத்தில் டிவியும் வீடியோ டெக்கும் வைத்துப் போட்டோம். ஊர் சிரிக்கும் என்று காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பகடை உருண்டபோது பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பின்னால் நின்ற சர்ச் ஆட்கள் ஸ்தோத்திரம் என்றார்கள். கேலி என்று எங்கள் நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. அசடு வழிவது என்றால் என்ன என்று நான் அன்றைக்குக் கற்றேன்.

கடைசிக் காட்சி வந்தது. பாறைமேல் குணசேகரன், கீழே மண்டியிட்ட பாஸ்கர். அதுவரை ஆடிக்கொண்டிருந்த பெரியவரின் தலை நின்றது. படத்தை நிறுத்தச் சொன்னார்.

"ராஜா வேசத்துல கீறது யாரு?"

அவருக்குத் தெரியும். குணசேகரனின் அப்பா அவர் நிலத்திலும் வேலை செய்தவர். பெரியவர் ஜெயசீலனிடம் சாந்தமாகத்தான் சொன்னார்.

"படம் நல்லா கீதுப்பா. அத மட்டும் எடுத்துடு."

பாஸ்கர் எழுந்தான். "அவன்தாம்பா எங்க ராஜா. அவன எடுத்துட்டா அது படமே இல்ல" என்றான். பெரியவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. "வூட்டுக்கு வா" என்றார். குணசேகரன் வாசலோரம் நின்றிருந்தான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. அவனாகவே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

ஸ்டுடியோ முதலாளி பெரியவரிடம் வாடகைக்கு இருப்பவர். காட்சி போனது. மண்டியிட்டது போனது, பாறை போனது, என் பட்டுப்புடவையும் போனது. ஓட்டமும் பிரசங்கமும் மட்டும் மிஞ்சிய படம் சின்னசேலம், நைனார்பாளையம் என்று ஊர் ஊராகப் போனது. படத்தில் பேய் இருக்கலாம், அதில் ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை. நைனார்பாளையத்தில் படம் ஓடியபோது குணசேகரனும் கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறான். மறுவாரம் வந்து சொன்னான், "நான் இல்லாததே தெரியலிங்க மேடம், அவ்ளோ நல்லா ஒட்டிட்டாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் சிரிக்கவில்லை. அவன் பேங்க் வேலை கிடைத்து வடக்கே போனான். கொஞ்ச காலம் பொங்கல் வாழ்த்து வந்தது.

பாஸ்கரைச் சேலத்தில் ஒரு உறவினர் கடைக்கு அனுப்பினார்கள். எங்கள் மாடியில் இன்று செல்போன் உறை விற்கிறார்கள். ஸ்டுடியோ இல்லை. முழுப் படம் இருந்த ஒரே கேசட்டின் மேல் அடுத்த தை மாதத்திலேயே யாருடைய வளைகாப்பையோ பதிந்துவிட்டார்கள். பெரியவரும் போய்ச் சேர்ந்தார். மடத்துத் தலைவர் இப்போது பாஸ்கர்.

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். நெற்றி நிறைய விபூதி, நல்ல தொப்பை. என்னைக் கண்டதும் சந்தோஷமாக எழுந்து நாற்காலி போட்டான், பேரப்பிள்ளைகளைக் காட்டினான். சாப்பிட்டு எழும்போது குணசேகரனைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டேன்.

"எந்தக் குணசேகரன்?"

"நைனார்பாளையம்."

உண்மையாகவே யோசித்தான். என் கண்ணெதிரில், நெற்றியைச் சுருக்கி, நல்ல மனதோடு யோசித்தான்.

"நைனார்பாளையத்துல நமக்கு ஆளுங்க யாரும் இல்லியேம்மா" என்றான்.