பாக்கெட் டீ அணி

ஒரு பருவமும் அதற்கு மேல் கொஞ்சமும் உயிரோடு இருந்து, ஒரு பந்தயத்தில்கூட ஜெயிக்காமல் செத்துப்போன பிரெஞ்சு சைக்கிள் அணி ஒன்றின் வரலாற்றை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பிரான்சில் யாரும் இதை எழுதப் போவதில்லை. அவர்களுக்கு இதைவிட உருப்படியான தோல்விகள் நிறைய இருக்கின்றன. ரங்கூனில், தாமுவேயில், மூன்றாம் மாடியில் இருக்கும் என்னை விட்டால் அந்த அணிக்கு நாதி கிடையாது.

அணிக்குப் பணம் போட்டவர் என் முதலாளி. பால் பவுடர், சர்க்கரை, தேயிலைத் தூள் மூன்றையும் கலந்து பாக்கெட்டில் அடைத்து விற்பவர். வெந்நீர் ஊற்றினால் டீ என்று பாக்கெட்டில் அச்சடித்திருக்கும். குடித்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். ஆபீசில் எல்லோரும் அவரை, ஐயா என்பதற்குப் பர்மியச் சொல்லான ‘சயா’ என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு வரும் ஆங்கிலத்தை பர்மிய மொழியில் சொல்வதும், அவர் பேசும் ஆங்கிலத்தை ஆங்கிலமாக்குவதும் என் வேலை.

அவரைப் பிடித்தவர் ரங்கூனுக்கு ஒயின் விற்க வந்து விற்க முடியாமல் நின்ற ஒரு பிரெஞ்சுக்காரர். இளம் வயதில் பந்தயம் ஓட்டினாராம். எதில் ஜெயித்தீர்கள் என்று கேட்டால் பேச்சு வானிலைக்குப் போய்விடும். கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானாம். இவர் என் முதலாளிக்கு பிரான்ஸ் முழுவதையும் காட்டினார். சொந்தமாக ஒரு தொழில்முறை அணி, சட்டையில் பாக்கெட்டின் பெயர், டிவியில் பார்க்கும் உலகம். அணி பதிவானது மூன்றாம் தரத்தில். மேலே இன்னும் இரண்டு தரம் இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

“மூணாவது வந்தாலும் பரிசு உண்டுதானே?” என்றார் சயா.



ஓட்டுபவர்கள், பெரிய அணிகள் வேண்டாமென்று விட்ட பிரெஞ்சுக்காரர்கள். அவர்களுக்குத் தலைவன் என்று ஒருவன். தலைமுடியை மிக ஒழுங்காக வைத்திருந்தான், வேறெதையும் ஒழுங்காக வைத்திருந்ததாக எனக்கு நினைவில்லை. சட்டை, பால் அதிகமான டீயின் நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் மேலே ஒன்றும் போடாமல் ஓட்டுவது போலிருக்கும். முதலாளிக்குக் காட்டவும் படம் எடுக்கவும் இவர்களை ரங்கூனுக்கு வரவழைத்தார்கள். பெரிய சாலைகளில் சைக்கிளே ஓடக் கூடாத ஊருக்கு! வந்த முதல் நாளே போக்குவரத்துப் போலீஸ் மடக்கி, சைக்கிள்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. தொழில்முறை வீரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் டாக்சி பிடித்து ஓட்டலுக்குத் திரும்பினார்கள். அணியின் வரலாற்றில் அவர்கள் எல்லோரும் ஒன்றாக வந்து சேர்ந்தது அன்றைக்கு மட்டும்தான்.

அதற்குப் பிறகு மிங்கலாடோன் பக்கம், விமான நிலையத்துக்குப் பின்னால் போகும் சாலையில் பயிற்சி. என் தம்பி தினமும் ஓட்டும் சாலை அது. அலோனில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். வேலைக்குப் போகும் முன் வெயிலுக்கு முந்தி ஒரு சுற்றுப் போய்வருவான். சைக்கிளைத் தவிர அவன் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று டீ சட்டைக்காரர்களோடு சேர்ந்துகொண்டான். கொஞ்ச தூரத்தில் தலைவனைத் தவிர மற்றவர்கள் பின்னால். இன்னும் கொஞ்ச தூரத்தில் தலைவனும் பின்னால். காரில் வந்த பிரெஞ்சுக்காரர் கண்ணாடியை இறக்கி அவனுடைய பெயரைக் கேட்டார்.

பேச வீட்டுக்கே வந்தார். அப்பா மிஷன் பள்ளிக்கூட ஆங்கிலம் படித்து குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவர். அந்த ஆங்கிலத்தை இஸ்திரி போட்ட சட்டை போல ஞாயிற்றுக்கிழமைகளுக்கென்று வைத்திருப்பார். அன்று ஞாயிறு இல்லாவிட்டாலும் எடுத்து உடுத்திக்கொண்டார். பிரெஞ்சுக்காரர் தம்பியின் தோளைத் தட்டி, இவன் அருமையான ‘டொமெஸ்டிக்’ ஆவான் என்றார்.

தம்பியின் முகம் தொங்கிப்போய்விட்டது. “அப்ப என்னைய பிரான்சுக்குக் கூட்டிட்டுப் போகலையாக்கா? இங்கன உள்ளூர்ல மட்டுந்தான் ஓட்டணுமா?” என்று என் காதில் கேட்டான். பாவம், விமான நிலையத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டியவன். அங்கே உள்நாட்டு விமானங்களுக்கான கட்டடத்தில் அந்தச் சொல்லைத்தான் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. “வேலைக்காரன்னு சொல்றாரு. வீட்டு வேலைக்காரன். எங்க தாத்தா கப்பல்ல வந்து இறங்குனப்பவே பேனாவோடதான் இறங்குனாரு. இந்தக் குடும்பத்துல ஒருத்தரும் எடுபிடியா போனதில்ல” என்றார். இந்த ஊரில் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் தாத்தா பேனாவோடுதான் இறங்கியிருக்கிறார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியது யாரென்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் பிரெஞ்சுக்காரரிடம் விளக்கம் கேட்டேன். அவர்கள் பந்தயத்தில் அது ஒரு பதவியாம். தலைவனுக்கு முன்னால் ஓட்டிக் காற்றை மறைக்க வேண்டும். காரிலிருந்து தண்ணீர் பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். தலைவன் விழுந்தால் தன் சைக்கிளைக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். தான் ஜெயிப்பதைப் பற்றி நினைக்கக் கூடாது.

“நான் சொன்னதுதானே” என்றார் அப்பா. அவர் சொன்னது சரிதான், அதுதான் எனக்கு எரிச்சல்.

“பரவால்லப்பா. காத்துதானே, மறைச்சுட்டுப் போறேன்” என்றான் தம்பி. போய்விட்டான். மறு ஞாயிறே அப்பா கோயில் வாசலில் எல்லோரிடமும் மகன் பிரான்சில் புரொஃபெஷனல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்ன புரொஃபெஷன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்தப் பருவம் முழுவதும் தம்பியை நாங்கள் செல்போனில், கூட்டத்தின் பின்பக்கம், முதுகெல்லாம் பாட்டிலாகப் பார்த்தோம். பிறகு ஒரு சின்னப் பந்தயம், மேடும் பள்ளமுமாகக் கிராமங்களைச் சுற்றி. முதலாளி ஆபீசில் பெரிய திரை வைத்து எங்களை எல்லாம் உட்கார வைத்தார். இங்கே சாயங்காலம். மற்ற அணிக்காரர்களை விட்டுவிட்டு டீ நிறச் சட்டை ஒன்று தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர் காரிலிருந்தே சயாவுக்குப் போன் போட்டார். நம் ஆள் முன்னால், தலைவன் ஒரு நிமிடம் பின்னால், விட்டால் நம் ஆள் ஜெயிப்பான் என்று கத்தினார்.

“யாரு முன்னால?” என்று சயா என்னைப் பர்மிய மொழியில் கேட்டார்.

“என் தம்பி, சயா.” சொல்லும்போது என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அவர் திரையைப் பார்த்தார். போனை வாயருகே கொண்டுபோனார். வழக்கமாக என்னிடம் நீட்டுவார். அன்று என் உதவி தேவைப்படவில்லை. “நோ, நோ. வெயிட். ஃபிரெஞ்ச் பாய் ஃபர்ஸ்ட்” என்றார்.

“சயா, அது என் தம்பி” என்றேன் மறுபடியும்.

“தெரியும்மா. நல்ல பையன்தான்” என்றார். கோபமே இல்லை, குழந்தைக்குச் சொல்வது போல் சொன்னார். “ஆனா ஜெயிச்சவன்னு ஒரு கலா மூஞ்சியப் பாக்கெட்ல போடறதுக்கு நான் எதுக்குப் பிரான்சு வரைக்கும் போகணும்? தாமுவே மார்க்கெட்டுக்குப் போனா போதுமே.” கலா என்றால் இந்த ஊரில் நாங்கள். சிலர் வாயில் அது வெறும் பெயர், சிலர் வாயில் ஏச்சு. அவர் வாயில் அது விற்காத சரக்கு.

மேசைச் சாவியை அவர் முன்னால் வைத்தேன். உங்கள் ஆங்கிலத்தைப் பேசவும் ஒரு பிரெஞ்சுக்காரனையே பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். மிச்சத்தை வீட்டுக்கு வந்து பதிவில்தான் பார்த்தேன். கார் தம்பியின் பக்கத்தில் வருகிறது. கண்ணாடி இறங்குகிறது. தம்பி காரைப் பார்க்கிறான், சாலையைப் பார்க்கிறான், மறுபடி காரைப் பார்க்கிறான். பிரேக் பிடித்து ஒரு காலை ஊன்றி நிற்கிறான். தலைவன் வந்து சேர்ந்ததும் அவனுக்கு முன்னால் போய்க் காற்றை மறைக்கிறான். கடைசிக் கிராமத்தில் பின்னால் வந்த கூட்டம் இருவரையும் விழுங்கிவிட்டது. ஜெயித்தவன் வேறு எவனோ. அணிக்கு ஜெயிக்கக் கிடைத்த ஒரே பந்தயம் அது.

அதன் பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். முதலாளிக்கு அலுத்துவிட்டது. அடுத்த பருவத்தில் இரண்டு பந்தயம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். தலைவன் சைக்கிள் கடை வைத்திருக்கிறானாம். பிரெஞ்சுக்காரர் இப்போது வேறு யாருக்கோ எதையோ காட்டிக்கொண்டிருப்பார். தம்பி அலோன் கிடங்குக்கே திரும்பினான். நான் வேறு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். நல்ல இடம் கிடைத்தது, மாறிக்கொண்டேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். அவன் பிரான்சில் கிடந்து கவலைப்படக் கூடாது என்று.

ஆனால் அவன்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. சொன்னால் நின்றுவிடுவதா? முதுகெலும்பு எங்கே போயிற்று? போன மாதம் ஒரு மத்தியானம், நானும் அவனும் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கேட்டுவிட்டேன்.

“ஏன்டா நின்னே?”

“நிக்கச் சொன்னாங்க.”

“மீறி ஓட்டியிருந்தா என்ன பண்ணியிருப்பான்? காரை விட்டு ஏத்தியிருப்பானா?”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “அவங்களா நிக்கச் சொல்லியிருந்தா மீறி ஓட்டியிருப்பேன்க்கா. உன் சயா சொல்றாருன்னு சொன்னாங்க. நான் மீறிப் போனா உனக்கு வேலை போயிருமேன்னு நின்னுட்டேன்.”



“நீ நிக்கிறதுக்கு முன்னாடியே நான் வேலைய விட்டுட்டேன்டா” என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்தான்.

“அப்ப ஜெயிச்சிருக்கலாம்க்கா” என்றான்.