பூசத்துக்கு முந்தி நிமிர்த்திய வண்டி

மோட்டார் சைக்கிள் ரிப்பேர்த் தொழிலில், ஓட்டினவன் தப்பால் விழுந்த வண்டி என்று ஒன்றுகூட வந்ததில்லை; ஒன்று ஆடு குறுக்கே வந்திருக்கும், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரி கண் பட்டிருக்கும். ரிப்பேர்க் கடைக்காரருக்கு வாக்கப்பட்ட சகோதரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். எவனோ விழுவான், இவர் நிமிர்த்துவார், சோப்புக்கும் போகாத அந்தக் கிரீஸ் கறையைச் சாம்பல் போட்டு நாம் தேய்த்துக்கொண்டிருப்போம். நான் அதற்கு மேலும் ஒரு படி போய், வண்டியையே தேய்த்து எடுத்தவள். நாலாவது வரைக்கும்தான் படித்தேன். ஆம்பளை யாராவது வீட்டில் ஆள் இருக்கா என்று கேட்டால்கூடக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்லுவேன். அப்படிப்பட்டவள் ஒரு மார்கழி மாதம் ஸ்பானர் பிடித்த கதை இது. பிழை இருந்தால் கூடப்பிறந்தவளாக நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தடவை நிஜமாகவே ஆடு

எங்கள் கடை திண்டுக்கல்லில் பழனி ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. முன்பக்கம் கடை. தட்டிக்குப் பின்னால் நானும் என் வீட்டுக்காரரும் ஒன்பது மாதக் கைக்குழந்தையும். கொட்டகை ஒரு கமிஷன் கடை முதலாளிக்குச் சொந்தம். அவருடைய மோட்டார் சைக்கிளில் பிரேக்கைச் சரிபண்ணி, ஓட்டிப் பார்க்கிறேன் என்று என் வீட்டுக்காரர் ரெட்டியார்சத்திரம் வரைக்கும் போனார். போனவர் வெங்காய லாரியில் திரும்பி வந்தார். வண்டியும் அதே லாரியில், மூட்டைகளுக்கு நடுவே காலை மடக்கிய கன்றுக்குட்டி மாதிரிக் கிடந்தது. ஆட்டு மந்தை குறுக்கே வந்ததாம், ஹேண்டிலை ஒடித்துத் திருப்பினாராம், புளியமரமாம். எத்தனையோ பேர் சொன்ன ஆட்டுக் கதையைக் கேட்டு முதுகுக்குப் பின்னால் சிரித்த மனுசன், அதே கதையை வந்தவர் போனவரிடமெல்லாம் சத்தியம் பண்ணிச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வலது மணிக்கட்டு ஒடிந்திருந்தது. கட்டுப் போடுகிற வைத்தியர் உளுந்து மாவும் முட்டையும் குழைத்துத் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, இரண்டு மாதம் அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

வண்டிக்கு முன்சக்கரத்தைத் தாங்குகிற போர்க் வளைந்து, சக்கரம் கோணி, பெட்ரோல் டேங்கில் ஒரு சொம்பை உட்காரவைக்கிற அளவுக்குப் பள்ளம். தைப்பூசத்துக்கு ஆறு வாரம் இருந்தது. வருசா வருசம் பூசத்தன்று முதலாளி அந்த வண்டியில்தான் பழனிக்குப் போவார். கொட்டகை போனால் எங்களுக்குக் கடையும் போகும், குடித்தனமும் போகும். அது அவருக்கும் தெரியும். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கை எப்ப வேணாலும் கூடட்டும் அப்பு. வண்டி பூசத்துக்கு முந்தின நாள் என் வாசல்ல நிக்கணும். நிக்கலேன்னா கொட்டகையப் பூட்டிச் சாவியக் கொண்டாந்து குடுத்துட்டு, வேற எடம் பாத்துக்க."

மாவாட்டுகிற பக்கம்

இரண்டு நாள் அவர் இடது கையால் ஸ்பானர் பிடித்துப் பார்த்தார். நழுவி நழுவி விழுந்தது. மூன்றாம் நாள் நான் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து, கீழே விழுந்ததை எடுத்து அவரிடம் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன். "ஏ புள்ள, ஒனக்கு என்ன தெரியும்?" என்றார். "ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்லுங்க, நான் செய்யுறேன்" என்றேன். அதுவரை அவரிடம் அவ்வளவு நீளமாக நான் எதிர்த்துப் பேசியதில்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாதபடி ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டேன்.

முதல் நாளே ஒரு போல்ட்டை முறித்துவிட்டேன். அவர் வண்டிக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து "வலப்பக்கம் திருகு" என்பார். அவருடைய வலப்பக்கம் எனக்கு இடப்பக்கம். இரண்டு பேருக்கும் கோபம். கடைசியில் நானே சொன்னேன், "இந்த வலமும் இடமும் வேணாம். நான் மாவாட்டுற பக்கம் சுத்தினா கழலுது. எதிர்ப்பக்கம் சுத்தினா இறுகுது. அப்படிச் சொல்லுங்க." அதற்குப் பிறகு ஒரு நட்டும் முறியவில்லை. ஒரு நாள் வேடசந்தூரிலிருந்து ஒரு வாத்தியார் தன் வண்டிக்குப் பிளக் மாற்ற வந்தார். சாக்குக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் கத்திக்கொண்டிருக்கிறார்: "மாவாட்டு... இன்னும் செத்த நேரம் மாவாட்டு... கையெடுக்காம ஆட்டு!" வாத்தியார் சாக்கை விலக்கி எட்டிப் பார்த்தார். நான் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்: "பிளக்கு கெடக்கட்டும் தம்பி, நாலு இட்லி கெடைக்குமா? சட்னி இல்லாட்டியும் பரவாயில்ல."

நூல் பிடித்த அன்று

போர்க் குழாய் இரண்டையும் கழற்றி, வழவழப்பான கடப்பைக்கல் மேல் உருட்டச் சொன்னார். வளைவு இருக்கிற இடத்தில் குழாய் தத்தும். தத்துகிற இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, லாரி ஜாக்கியைக் கல்தூணுக்கு முட்டுக் கொடுத்துத் துளித் துளியாக நெம்ப வேண்டும். நெம்பினேன், உருட்டினேன், மறுபடி நெம்பினேன். ஒன்பது நாள். சப்பாத்திக் கட்டை உருட்டுகிற பெண்டுகளைப் பார்த்து, இவர்களுக்கு என்ன சுகம் என்று நினைத்துக்கொள்வேன். குழாய் மாட்டி, சக்கரத்தில் கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கிக் கோட்டம் எடுத்து முடித்த அன்று நூல் பிடித்துப் பார்த்தோம். பின் டயரின் இரண்டு ஓரத்திலிருந்தும் முன் டயர் வரைக்கும் நூலை இழுத்தால், முன் டயரின் இரண்டு ஓரத்தையும் தொட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் விடியுமுன்னே பூக் கட்டிக்கொண்டு இருந்தவள் நான். ஒரு நூல் துவண்டிருக்கிறதா விறைப்பாக இருக்கிறதா என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த நேரம் பார்த்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருந்த மெக்கானிக் வந்தார். எங்கள் கொட்டகை எப்போது காலியாகும் என்று காத்திருந்தவர்களில் அவர் முதல் ஆள். ஆறுதல் சொல்ல வந்தாராம். "பொம்பள கை பட்ட வண்டி நேராப் போகுமாக்கும்?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து போய் நூலின் ஒரு முனையை அந்த மெக்கானிக் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையை நான் இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். குனிந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். தரையில் படுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். சட்டையைத் தட்டிக்கொண்டே எழுந்தவர், "நூலு என்னமோ நேராத்தான் இருக்கு. மார்கழிக் குளிருல ரப்பர் சுருங்கியிருக்கும்" என்றார்.

டேங்கில் வெள்ளாமை

டேங்குப் பள்ளத்தை உள்ளேயிருந்து தட்ட வழியில்லை. வாய் அவ்வளவு சின்னது. என் வீட்டுக்காரருக்கும் யோசனை ஓடவில்லை. எனக்கு ஓடியது. காய்ந்த மொச்சையை மூடி போட்ட பாத்திரத்தில் நிறைய ஊறவைத்தால் மூடியையே தூக்கிவிடும் என்பது அடுப்படியில் நிற்கிற எவளுக்கும் தெரியும். பெட்ரோலை வடித்து, கழுவி, டேங்கு நிறைய மொச்சை போட்டுத் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கிக் கம்பியால் கட்டினேன். மறுநாள் காலையில் டப்பென்று ஒரு சத்தம். பள்ளம் பாதிக்கு மேல் எழுந்திருந்தது! அன்றைக்கு என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன்.

போட்டவள், எப்படி வெளியே எடுப்பது என்று யோசித்திருக்க வேண்டும். ஒன்றோடு ஒன்று நெரித்துக்கொண்டு ஒரு மொச்சை வரமாட்டேன் என்கிறது. விளக்குமாற்றுக் குச்சி, கொண்டை ஊசி, வளைத்த கம்பி எல்லாம் விட்டு நோண்டி எடுத்தேன். எடுத்ததைத் தெருவில் மேய்ந்த ஓர் ஆட்டுக்குப் போட்டால் அது முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. இந்த ஆடுகளுக்கு எங்கள் குடும்பத்தின் மேல் என்ன ஆத்திரமோ. மூலையில் தங்கிப்போனவை நாலாம் நாள் முளைவிட்டு, வாய் வழியாக வெள்ளையாகத் தலையை நீட்டின. பக்கத்துக் கடையில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற காசிம் அண்ணனைக் கூப்பிட்டோம். அவர்தான் வளைந்த இரும்புக் கம்பியை உள்ளே விட்டு, மிச்சப் பள்ளத்தைத் தட்டி எடுத்து, கூழாங்கல் போட்டுக் குலுக்கிக் கழுவியும் கொடுத்தார். அதற்கு முன்னால் டேங்கைக் கையில் வாங்கி, முளையைப் பார்த்து, என்னைப் பார்த்து, வெகு மரியாதையாகக் கேட்டார்: "ஏந் தங்கச்சி, தண்ணி பாய்ச்சியாச்சு. அறுப்பு எப்பன்னு சொன்னா நான் சாக்கோட வந்துருவேன்ல?"

குழாயடி

சாக்குக் கட்டி மறைத்தால் ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? குழாயடியில் நான் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை ஒரு சாண் தள்ளி வைத்தார்கள். "புருசன் ஸ்டூல்ல, பொண்டாட்டி வண்டிக்கு அடியில" என்று என் காதுபடவே பேச்சு. முதலில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். ஒரு நாள் குழந்தை தண்ணீர் இல்லாமல் அழுதது. அன்றைக்கு நட்ட நடுக் கூட்டத்தில், கிரீஸ் கையைக் கழுவாமலே போய்க் குடத்தை வைத்தேன். அதிகம் பேசினவள் மூன்றாம் வீட்டுக்காரி. மறுநாள் மத்தியானம் சாக்குக்கு வெளியே வளையல் சத்தம். முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு அவள்தான் நிற்கிறாள். பம்பு ஸ்டவ். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கிசுகிசுத்தாள்: "ஏத்தா, அம்புட்டுப் பெரிய வண்டியவே பாக்குற, இதப் பாக்க மாட்டியா? எங்க வீட்டு ஆளு தொட்டு மூணு நாளா எரியல."

விழுத்தாட்டின ஆள்

பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வண்டி கிளம்பி ஓடுகிற நிலைக்கு வந்துவிட்டது. உருட்டிக்கொண்டு வருகிறோம் என்று முதலாளிக்குச் சொல்லி அனுப்பினோம். அவரே வந்தார். "உருட்டிட்டு வந்தா எடுக்க மாட்டேன். ஓடி வரணும். அதோட இது ரத்தம் பாத்த வண்டி. யாரை விழுத்தாட்டுச்சோ அந்த ஆளத்தான் முதல்ல சொமக்கணும். அப்பத்தான் நான் ஏறுவேன்" என்றார். எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. மாட்டு வண்டிக்கு இருந்ததை மோட்டாருக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேகம் கூட்ட எண்ணெய் முறுக்குகிற பிடி வலது கையில். கியரும் பிரேக்கும் காலில், கிளச்சு இடது கையில். ஒரு கைதான் குறைந்தது. "அந்தக் கை நான்" என்றேன்.

மறுநாள் குழந்தையைக் காசிம் அண்ணன் கையில் கொடுத்தேன். எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, என் வீட்டுக்காரர் முன்னால் ஏறி உதைத்துக் கிளப்பினார். நான் பின்னால் உட்கார்ந்து, அவர் இடுப்பைச் சுற்றி வலது கையை நீட்டிப் பிடியைப் பிடித்துக்கொண்டேன். அவர் முதுகு மறைத்தது. எனக்கு ரோடே தெரியவில்லை. "குடு" என்றால் முறுக்குவேன், "கொறை" என்றால் விடுவேன். பழனி ரோடு முழுக்க மஞ்சள் துணியும் காவடியுமாகக் கூட்டம் எதிரே வருகிறது. புருசன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பட்டப்பகலில் மோட்டாரில் போகிற பெண்ணை அத்தனை பேரும் பார்க்கிறார்கள். முதலாளி வீட்டுக்குத் திரும்புகிற ரத வீதி முக்கில் ஒரு காவடிக் கூட்டம் ஆடிக்கொண்டு குறுக்கே வந்தது. "கொறை!" என்றார். பயத்தில் முழுக்க விட்டுவிட்டேன். வண்டி நின்றுபோனது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் சீட்டி அடித்தான். அவர் உதைக்கிறார், உதைக்கிறார், கிளம்பவில்லை. இறங்கித் தள்ளினால் ஆறு வாரமும் வீண். எங்கேயிருந்து வந்தது என்று தெரியாது, அந்தக் குரல்: "வழி விடுங்க! பாத்தது போதும், தள்ளி நில்லுங்க!" நான்தான் கத்தியிருக்கிறேன். கூட்டம் விலகியது. அடுத்த உதையில் கிளம்பியது. அவர் "குடு" என்று சொல்வதற்கு முன்னாலேயே நான் கொடுத்துவிட்டேன்.

முதலாளி வாசலில் வண்டி ஓடி வந்து நின்றது. அவர் ஏறிப் போய்த் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். இடுப்பில் முடிந்து வைத்திருந்த கொட்டகைச் சாவியை நான் எடுத்து நீட்டினேன். வேண்டுமென்றேதான் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "வண்டி சரியா இருக்கு. ஆனா பொம்பள பாத்ததுன்னு வெளிய சொல்லிராதீக" என்றார். "நான் சொல்ல மாட்டேங்க. ரத வீதியில நின்னவுக எல்லாரும் சொல்லிருவாக" என்றேன். என் வீட்டுக்காரர் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். வாய் மட்டும் சிரித்தது. முதலாளி தெருவைப் பார்த்தார். திரும்பி வண்டியைப் பார்த்தார். கொஞ்சம் கழித்து என்னிடம் நேராகவே சொன்னார்: "பூசம் முடிஞ்சு கொட்டகைக்கு வாரேன். பின் சக்கரத்துல கரகரன்னு ஒரு சத்தம் வருது. அத நீயே பாரு தாயி. அவன் தொட வேணாம்."

சகோதரிகளே, வளைந்த போர்க்கை ஜாக்கி வைத்தும் குழிந்த டேங்கை மொச்சை வைத்தும் நிமிர்த்திவிடலாம், ஆனால் பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்கிற வாயை இறுக்குவதற்கு அளவான ஸ்பானர் மட்டும் இதுவரைக்கும் எந்தக் கடையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.