மோரிபண்ட்

ஒரு மனிதர் தம் மனைவியின் உயிருள்ள முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமல் செய்தவன் நான்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், தை மாதம். ஸ்ரீரங்கத்தில் எனக்கு ‘இங்கிலீஷ் புலி’ என்று பெயர். தினம் ஓர் அரிய சொல்லை, பொருளும் பிறப்பும் சேர்த்து நோட்டில் எழுதி வைப்பேன். எத்தனை கர்வம் எனக்கு!

ஜீயபுரத்து விவசாயி மாணிக்கம், சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கார்டோடு என்னைத் தேடி வந்தார். அங்கே அவர் மனைவி செல்லம்மாளும், துணைக்கு மாமியாரும் இருந்தார்கள். ‘நோயாளியின் நிலை’ என்று அச்சிட்ட இடத்தில் டாக்டர் ஒரே ஓர் இங்கிலீஷ் சொல்லை எழுதியிருந்தார். மோரிபண்ட்.

எனக்குத் தெரியாத சொல்! தெரியாது என்று சொல்ல வாய் வந்ததா? இல்லை.

“நல்லா ஓய்வெடுக்கறாங்கன்னு போட்டிருக்கு.”

“அப்பாடா! அப்ப அறுப்பை முடிச்சிட்டே போறேங்க சார்.”

அவர் போன பிறகு அகராதியைப் புரட்டினேன். ‘சாகும் தறுவாயில் இருக்கும்.’ இறத்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. மனிதருக்கும் சொல்லலாம், மூடப்போகும் ஆலைக்கும் சொல்லலாம்...

சைக்கிள் வாசலில்தான் நின்றது. மாலைக்குள் ஜீயபுரம் போயிருக்கலாம். போனால் நான் புளுகியது தெரிந்துவிடுமே! போகவில்லை. அதைவிடக் கொடுமை கேளுங்கள்... அந்தச் சொல்லை, அழகான கையெழுத்தில், நோட்டில் எழுதிக்கொண்டேன். நான் மனிதன்தானா?

நான்கு நாள் கழித்துப் போனவருக்கு உடல்தான் கிடைத்தது.

காரியம் முடிந்து என்னிடமே வந்தார். “சாகக் கிடக்கான்னு ஒரு வார்த்தை எழுதக் கூடாதான்னு அந்த டாக்டரைக் கேளுங்க சார்!” என்று அழுதார். எழுதினேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது: ‘அந்த ஒரு வார்த்தையைத்தான் எழுதினேன். உமக்குப் படித்துச் சொன்னவரைக் கேளும்.’

எதிரே மாணிக்கம், என் வாயையே பார்த்தபடி...

“மன்னிப்புக் கேட்டிருக்கார்” என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவரும் மனுஷந்தானே. மன்னிச்சிட்டேன்னு எழுதிடுங்க சார்.”

அதையும் எழுதினேன். அடியில் அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கடிதத்தை நான் தபாலில் சேர்க்கவில்லை. கிழித்துப் போடவும் முடியவில்லை. இன்னும் என் பெட்டியில்தான் கிடக்கிறது.