பச்சை விறகு

பக்கத்து அறையில் விறகு விழுந்தது. தொப். மறுபடியும் தொப்.

தேநீரில் பால் ஊற்றிக்கொண்டிருந்த உல்போசினின் கை அப்படியே நின்றது. பாலையில் வளரும் சாக்சவுல் மரத்தின் காய்ந்த கட்டை விழுந்தால் இரும்பு மாதிரி கணீரென்று கேட்கும். இது என்ன, ஈரச் சாக்கு விழுவதுபோல?

"அண்ணி, குளிருக்கு ஒரு வண்டி விறகு. எல்லாம் தானா பட்டுப்போன மரம்!" கையைத் தட்டிக்கொண்டே வந்தான் தோலேகன். அவள் கணவன் இறந்த பிறகு இந்த வாசலை எட்டிப் பார்க்காத கொழுந்தன். நகரத்தில் கறி சுட்டு விற்கும் கடைகளுக்கு விறகு அனுப்பியே தொந்தி வளர்த்தவன்.

பத்தொன்பது வயதில் கிசில்கும் பாலைவனத்து மணலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் உல்போசின். அக்குய் கிணற்றடியில் இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். ஒன்றை அங்கேயே புதைத்தாள். முப்பத்தோரு குளிர்காலம் தன் ஒட்டகங்களை அங்கேதான் மேய்த்தாள். இப்போது அந்தப் பாலையை யாரும் வெட்டாமல், மேய்க்காமல் என்றென்றைக்கும் அதன் போக்கில் விட்டுவிடப் போகிறார்களாம். அதற்கு அங்கே மேய்ச்சல் உரிமை உள்ள ஐந்து குடும்பங்களும் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்; நான்கு குடும்பங்கள் போட்டாயிற்று. மிச்சம் அவள்தான். போட்டால் அவள் ஒட்டகங்களுக்கும் அங்கே இடமில்லை. பத்து நாளாகக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"போட்டுடாதீங்க அண்ணி. ஒண்ணுத்துக்கும் உதவாத மணல். அதுக்குப் போய் காவலா?"

அவள் எழுந்துபோய் விறகைப் பார்த்தாள். நுனியெல்லாம் வழவழவென்று அறுத்திருந்தது. பட்ட சாக்சவுலை இந்த ஊரில் எவனும் அறுப்பதில்லை. கல்லில் ஓங்கி அடித்தால் போதும், சில்லுச் சில்லாக உடையும்.

"ஏன்டா, செத்த மரத்துக்கு எதுக்குடா ரம்பம்? உங்க அண்ணன் கல்லுல அடிச்சு உடைச்சதை நீ பாத்ததே இல்லையா?"

"மெஷின்ல அறுத்தா சீக்கிரம் முடியும் அண்ணி..."

"பொய் சொல்லவாவது கொஞ்சம் மூளை வேணாமா? இன்னும் பிசுபிசுன்னு இருக்கு. எங்கடா வெட்டுன?"

"அக்குய் பக்கம்... ஓரமா, நாலஞ்சுதான்."

"என் பிள்ளையைப் புதைச்ச இடத்துக்கு நிழலா ஒரு மரம் நின்னுச்சே. அதுவுமா?"

தோலேகன் தொந்தியைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தை எடுத்து, அவன் கண்ணெதிரிலேயே கையெழுத்துப் போட்டாள்.

"பைத்தியமா அண்ணி! ஒட்டகத்தை என்ன பண்ணுவீங்க?"

"வித்துடுவேன். நான் போகாத இடத்துக்கு நீயும் போக முடியாதுல்ல, அது போதும்."

அவன் எழுந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே ரொட்டித் தட்டை முன்னே தள்ளினாள்.

"ஒரு வாய் பிட்டுத் தின்னுட்டுப் போ. வாசல் தாண்டுறவனை ரொட்டி தொடாம அனுப்ப மாட்டோம், அவன் திருடனா இருந்தாலும்."

தோலேகன் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டான். மென்றுகொண்டே பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியேறினான். உல்போசின் கதவைச் சாத்தினாள்.